"எது ஈஸி டீச்சர்?" என்று கேட்பவர்களுக்கு

நீளமான பதிவு. முழுதும் படிக்காமல் கைகூப்புகிற பொம்மையைப் போட்டுவிட்டுப் போகாதீர்கள், எனக்குக் கெட்ட கோபம் வரும்.

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்தால் என் போனுக்கு ஓய்வில்லை. "டீச்சர், மகள் ஃபாரின் போகணும்ங்கிறா. ஐயெல்ட்ஸ் எழுதலாமா, பி.டி.இ. எழுதலாமா? எது ஈஸி?" இந்த வாரம் மட்டும் நாலு பேர். ஒருத்தர் என் சொந்த நாத்தனார்.

இந்தக் கேள்வியே தப்பு. உங்கள் மேல் குற்றமில்லை. உங்களை இப்படிக் கேட்கப் பழக்கிவிட்டவர்கள் பஸ் ஸ்டாண்டு எதிரே மாடியில் ஏ.சி. போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

போன வருஷம் என் அக்கா பேத்திக்கு நடந்ததைச் சொல்கிறேன். அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம். பி.எஸ்ஸி. முடித்த பிள்ளை, ஆஸ்திரேலியாவில் முதுகலைக்கு ஆசைப்பட்டாள். ஏஜென்சிக்காரர் என்ன சொன்னார்? "டுவோலிங்கோ எழுதும்மா. வீட்டிலேயே உட்கார்ந்து ஒரு மணி நேரம். ஃபீஸ் கம்மி. ஈஸி." எழுதினாள், நல்ல மதிப்பெண். பல்கலைக்கழகத்திலிருந்து கடிதமும் வந்தது. அக்கா மகன் கோவிலில் பொங்கல் வைத்தான், முன்பணமும் கட்டினான். விசாவுக்குத் தாள்களை அடுக்கும்போதுதான் தெரிந்தது, ஆஸ்திரேலிய மாணவர் விசாவுக்கு அந்நாட்டு அரசு வைத்திருக்கும் தேர்வுப் பட்டியலில் டுவோலிங்கோ இல்லை. சேர்த்துக்கொள்ளப் பல்கலைக்கழகம் தயார், உள்ளே விட அரசு தயாரில்லை.

அப்புறம் அவசர அவசரமாக இன்னொரு தேர்வுக்குப் பணம் கட்டி, தேதி கிடைத்து, எழுதி, மதிப்பெண் வருவதற்குள் பிப்ரவரிச் சேர்க்கை போய்விட்டது. ஜூலைக்குத் தள்ளிப் போட்டார்கள். ஐந்து மாதம் அந்தப் பிள்ளை மொட்டை மாடியிலேயே கிடந்தாள். "என்ன, இன்னும் போகலையா?" என்று கேட்காத வாய் எங்கள் தெருவில் இல்லை. ஏஜென்சிக்காரர் கையை விரித்துவிட்டார்: "ரூல்ஸ் மாறிக்கிட்டே இருக்கும்மா." இந்த விதி மாறவே இல்லையப்பா, நீ படிக்கவில்லை! இதைக் கவனிக்காமல் விசாவுக்குப் போட்டிருந்தால் இன்னும் மோசம். அதற்கு இப்போது 2,000 ஆஸ்திரேலிய டாலர். நம் பணத்தில் லட்சத்துக்கு மேல். நிராகரித்தால் திரும்ப வராது.

டுவோலிங்கோ மட்டமான தேர்வு என்று நான் சொல்வதாக யாரும் கிளப்பிவிட வேண்டாம். அமெரிக்காவில் ஏராளமான பல்கலைக்கழகங்கள் அதை ஏற்கின்றன. எந்தத் தேர்வை ஏற்பது என்பது அங்கே கல்லூரியின் முடிவு. ஆஸ்திரேலியாவில் கல்லூரி ஒரு கதவு, விசா இன்னொரு கதவு. இரண்டுக்கும் பொருந்துகிற சாவிதான் வேண்டும். பிரிட்டனில் பட்டப்படிப்பு என்றால் பெரும்பாலும் பல்கலைக்கழகமே பார்த்துக்கொள்ளும். அதற்குக் கீழான அடிப்படை வகுப்பு என்றால் அரசு அங்கீகரித்த தேர்வுதான் எழுத வேண்டும். ஐயெல்ட்ஸிலேயே 'யுகேவிஐ' என்று தனி வகை உண்டு, தனியாகப் பதிய வேண்டும். கனடாவின் எஸ்.டி.எஸ். என்கிற வேக விசாத் திட்டம் 2024 நவம்பர் 8-ஆம் தேதியோடு மூடியாகிவிட்டது. எங்கள் தெருமுனைச் சுவரில் அந்த நோட்டீஸ் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறது.

ஆகவே முதலில் நாடு, அடுத்து பல்கலைக்கழகம், அதிலும் அந்தக் குறிப்பிட்ட படிப்பு. ஒரே பல்கலைக்கழகத்தில் பொறியியலுக்கு ஒரு மதிப்பெண் கேட்பார்கள், நர்சிங்குக்கும் ஆசிரியர் பயிற்சிக்கும் கூடுதலாகக் கேட்பார்கள். மொத்தம் ஆறரை இருந்தும் எழுத்தில் ஐந்தரை என்பதால் திரும்பி வந்த பிள்ளை எனக்குத் தெரியும். இவை அத்தனையும் பல்கலைக்கழகத்தின் பக்கத்தில் இருக்கின்றன. இலவசம். அரை மணி நேர வேலை. அந்த அரை மணி நேரத்தை உங்களிடமிருந்து மறைத்துத்தான் மாடியில் ஏ.சி. ஓடுகிறது.

அவர்கள் சொல்லாத இன்னொன்றும் உண்டு. சில இடங்களுக்குத் தேர்வே வேண்டாம்! பிரிட்டனில் பல பல்கலைக்கழகங்கள் நம் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கில மதிப்பெண்ணையே ஏற்கின்றன. ஆங்கில வழியில் படித்தேன் என்று கல்லூரி கொடுக்கும் சான்றிதழ் செல்லுபடியாகும் இடங்களும் உண்டு. "தேர்வு இல்லாமல் முடியுமா?" என்று பல்கலைக்கழகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுப் பாருங்கள். கோச்சிங் வகுப்பும் தானே நடத்துகிறவர் இதை எதற்குச் சொல்வார்? கவுன்சிலிங் இலவசம் என்கிறாரே, அவர் வீட்டு அடுப்பு எதில் எரிகிறது என்று யோசித்ததுண்டா? நீங்கள் சேர்ந்தால் அந்தப் பக்கமிருந்து கமிஷன். தப்பில்லை, வியாபாரம். ஆனால் வியாபாரியிடம் போய் "எனக்கு எது நல்லது?" என்று கேட்கிறோமே, அது நம் தப்பு.

சரி, இரண்டு கதவுக்கும் பொருந்துகிற தேர்வு இரண்டு மூன்று இருக்கின்றன என்று வையுங்கள். அப்போது பிள்ளையைப் பாருங்கள். ஐயெல்ட்ஸில் பேச்சுத் தேர்வுக்கு எதிரே ஒரு மனிதர், 11 முதல் 14 நிமிடம். புது ஆளைக் கண்டால் தலையைக் குனிகிற பிள்ளைக்கு அது நெருப்பு. வாயாடிப் பிள்ளைக்கு அது அல்வா. பி.டி.இ.யில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைக்கில் பேச வேண்டும், பக்கத்து நாற்காலிக்காரரும் அதே நேரம் பேசிக்கொண்டிருப்பார். திருத்துவது பெரும்பாலும் இயந்திரம். தயங்கித் தயங்கி யோசித்துப் பேசுகிறவர்களுக்கு அங்கே கஷ்டம். ரிசல்ட் சீக்கிரம் வரும், பெரும்பாலும் இரண்டே நாளில். டோஃபலும் மைக்தான். அதன் அமைப்பும் மதிப்பெண் முறையும் 2026 ஜனவரியில் மாறிவிட்டன. 120-க்கு என்று இருந்தது இப்போது 1 முதல் 6 வரை. அண்ணன் படித்த பழைய புத்தகத்தைத் தம்பிக்குக் கொடுக்காதீர்கள். டைப்பிங் வராத பிள்ளை எதை எழுதினாலும் முதலில் ஒரு மாதம் விசைப்பலகையைத் தட்டட்டும்.

ஐயெல்ட்ஸ் பதியும்போது 'அகாடமிக்' என்பதைப் பார்த்து அழுத்துங்கள். 'ஜெனரல்' என்பது வேறு. அவசரத்தில் மாற்றிப் பதிந்து பணம் தொலைத்தவர்கள் நம் ஊரிலேயே இருவர்.

"ஆள் வச்சு எழுதிக்கலாம், பேப்பர் கிடைக்கும்" என்று எவனாவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். 2014-இல் பிரிட்டனில் ஆங்கிலத் தேர்வு மோசடி வெளிவந்தபோது ஆயிரக்கணக்கான மாணவர்களின் விசா ரத்தானது. தப்பே செய்யாதவர்களும் அதில் மாட்டிக்கொண்டு வருஷக்கணக்கில் கோர்ட் ஏறினார்கள்.

என்னையும் கொஞ்சம் திட்டிக்கொள்கிறேன். கோச்சிங் வகுப்பில் என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று பேத்தி காட்டினாள். எந்தக் கட்டுரைக்கும் ஒரே முதல் பத்தி. தலைப்பை மட்டும் நடுவில் செருக வேண்டுமாம். பார்த்ததும் சிரிப்பு வந்தது, அப்புறம் வரவில்லை. 'பசு' கட்டுரையைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு நாற்பது பிள்ளைகளையும் ஒரே மாதிரி எழுத வைத்தது யார்? நான்தான். தேர்ச்சி சதவிகிதம் கேட்டார்கள், கொடுத்தேன். ஏழாம் வகுப்பு முடிக்கிறவரை ஒரு பிள்ளையைக்கூட ஆங்கிலத்தில் "எனக்குப் பசிக்குது" என்று சொல்ல வைக்கவில்லை. ஐயெல்ட்ஸில் எதிரே உட்கார்ந்திருப்பவர் மனப்பாடத்தைக் கண்டுபிடிக்கப் பயிற்சி பெற்றவர். மனப்பாடப் பத்திக்கு மதிப்பெண் வராது. நான் செய்த தப்பையே பணம் வாங்கிக்கொண்டு செய்கிறார்கள், நீங்களும் கொடுக்கிறீர்கள்.

அந்தப் பணத்தில் பாதியில் ஆங்கில நாளிதழ் வாங்கிப் போடுங்கள். தினம் ஒரு செய்தியைச் சத்தமாகப் படித்து, மூடிவைத்து, தன் வார்த்தையில் போனில் பதிவு செய்து, திரும்பக் கேட்கட்டும். பேத்தி இரண்டாவது தடவை இப்படித்தான் தயாரானாள். எதிரே பென்ஷன் வாங்கும் சின்ன அப்பத்தா உட்கார்ந்து, புரியாத இடத்தில் "என்னது?" என்று கேட்டேன். எனக்குப் புரியவைக்கத் திணறித் திணறியே அவளுக்குப் பேச்சு வந்தது.

போன வாரம் ஒரு கமெண்ட்: "டீச்சர் டிரெய்னிங் முடிச்சவங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?" தம்பி, பட்டயம் மட்டும்தான் படித்தேன், மறைக்கவில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு நாலு பக்கம் படித்தேன், அவ்வளவுதான். உன் ஏஜென்சிக்காரர் அதைச் செய்யவில்லை.

இனி எனக்கு மெசேஜ் போடுகிறவர்கள் நாடு, பல்கலைக்கழகம், படிப்பு, எந்த மாதச் சேர்க்கை, கடைசித் தேதி, இந்த ஐந்தையும் எழுதி அனுப்புங்கள். மதிப்பெண்ணுக்கு ஆயுள் இரண்டு வருஷம்தான், ரொம்ப முன்னாலேயும் எழுதிவிடாதீர்கள். "எது ஈஸி" என்று மட்டும் வந்தால் நீல டிக் விழும், பதில் வராது. மதியம் இரண்டிலிருந்து நாலு வரை தூங்குவேன், கூப்பிடாதீர்கள். நாத்தனாருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.