கணிப்பொறியும் சுரங்கமும்

ஆஸ்திரேலிய நாட்டின் மேற்கே பில்பரா என்னும் செந்நிலப் பரப்பு உளது. ஆங்கு நிலத்தைத் திறந்த குழியாக வெட்டி இரும்புத் தாதுவை அள்ளுவர். 200 டன்னுக்கு மேல் சுமக்கும் வண்டிகள் இரவும் பகலும் ஓடுகின்றன; அவற்றுட் பலவற்றில் ஓட்டுநர் இலர்! ரியோ டின்டோ என்னும் நிறுவனம் 2008-ஆம் ஆண்டில் இத்தகைய வண்டிகளை அங்கே ஓட்டிச் சோதித்தது. ஏறத்தாழ 1,500 கிலோமீட்டருக்கு அப்பால், பெர்த் நகரத்துக் கூடமொன்றில் அமர்ந்தோர் அவற்றைத் திரையில் கண்டு மேற்பார்க்கின்றனர்.

ஒவ்வொரு வண்டியும் எங்குளது என்பதைச் செயற்கைக்கோளின் துணையால் கணிப்பொறி அறிகிறது. ஏற்றிய எடையையும் குறித்துக்கொள்கிறது. தாதுவை அள்ளும் பொறி ஒன்றன்முன் வண்டிகள் காத்து நிற்க, மற்றொரு பொறி வண்டியின்றி வாளா இருக்குமாயின், அடுத்த வண்டியை அங்கே திருப்பிவிடுகிறது. காத்திருக்கும் நிமிடங்கள் சுரங்கத்துக்குப் பேரிழப்பு அன்றோ? புழுதியும் ஆபத்தும் மிக்க இடத்தில் மனிதர் நிற்கவேண்டாமை மற்றொரு நன்மை. இவற்றைப் பழித்தல் பேதைமை. வண்டியோட்டிப் பிழைத்தவர் நிலை என்னாம் என்று நீவிர் வினவக்கூடும். அவ்வினாவுக்கு விடை கூறாது உற்பத்தியை மட்டும் புகழ்வாரை யான் நம்புவதில்லை.

என் மனத்தை உறுத்துவது வேறொன்று. எவ்விடத்தை வெட்டினால் எவ்வளவு தாது கிட்டும் என்று முன்கூட்டிக் கணக்கிடவும் கணிப்பொறி பயன்படுகிறது. ஆனால், எண்ணுமாறு நாம் சொன்னவற்றையே அது எண்ணும். அதே பில்பராவில் ஜூக்கன் என்னும் மலையிடுக்கில் பழங்குகைகள் இருந்தன. 46,000 ஆண்டுகளுக்கு முன்னரே மனிதர் அங்குத் தங்கியமைக்கு 2014-ஆம் ஆண்டு அகழாய்வில் சான்று கிடைத்தது. ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன் மனித மயிரால் பின்னப்பட்ட கச்சை ஒன்றன் துண்டும் கிட்டிற்று. அம்மயிர், அந்நிலத்துக்கு உரியோராகிய குர்ரமா, பினிகுரா பழங்குடியினரின் முன்னோருடையது என ஆராய்ந்து கண்டனர்.

குழியை வெட்ட நான்கு வழிகள் ஆராயப்பட்டன. மூன்று வழிகள் அக்குகைகளைத் தீண்டாதவை. நான்காவதில் 80 இலட்சம் டன் உயர்தரத் தாது மிகுதியாகக் கிட்டும். அதனையே நிறுவனம் தேர்ந்தது. சட்டத்தின் இசைவும் 2013-லேயே பெறப்பட்டிருந்தது! 2020 மே மாதத்தில் குகைகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. பின்னர் நிறுவனம் மன்னிப்பு வேண்டிற்று. தலைமை அலுவலரும் பதவி நீங்கினார்.

தாதுவின் அளவைக் காட்டும் திரையிலேயே, தீண்டலாகா இடங்களும் குறிக்கப்பெறல் வேண்டும் என்பது என் துணிபு. கணிப்பொறிக்கு இஃது அரிய செயலன்று. அவ்விடங்கள் யாவை என்று சொல்லுதற்கு, அந்நிலத்துப் பழங்குடியினரும் பெர்த் நகரத்துக் கூடத்தில் உடன் அமர்தல் வேண்டும்.