மாறுவது அறிவியலின் குறையா?

அல்லாஹ்வின் திருப்பெயரால்.

"அறிவியல் நேற்று ஒன்று சொன்னது, இன்று வேறொன்று சொல்கிறது. மாறிக்கொண்டே இருப்பதை எப்படி நம்புவது?" நம் வீடுகளிலும் சில பயான்களிலும் அடிக்கடி ஒலிக்கும் வாதம் இது. தடுப்பூசியை மறுப்பதற்கும், மருத்துவரின் அறிவுரையைத் தள்ளுவதற்கும், பிள்ளைகளின் அறிவியல் பாடத்தை இளக்காரமாகப் பேசுவதற்கும் இதுவே ஆதாரமாகிறது. மார்க்கப் பற்றின் பெயரால் சொல்லப்படும் இவ்வாதம் அறிவியலின் இயல்பை அறியவில்லை. நம் மார்க்கக் கல்வியின் மரபையும் அறியவில்லை.

இதயத்தைப் பற்றிய அறிவு வளர்ந்த வரலாற்றைப் பாருங்கள். இதயத்தின் நடுச்சுவரில் கண்ணுக்குப் புலப்படாத துளைகள் உள்ளன, அவற்றின் வழியே இரத்தம் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் செல்கிறது என்றார் 2ஆம் நூற்றாண்டின் கிரேக்க மருத்துவர் காலன். ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அதுவே பாடமாக இருந்தது. 1242இல் இப்னுந் நஃபீஸ் (ரஹ்) அவர்கள், இப்னு சீனாவின் 'கானூன்' நூலின் உடற்கூற்றுப் பகுதிக்கு விரிவுரை எழுதியபோது அதை மறுத்தார்கள். அச்சுவர் கெட்டியானது, அதில் துளை இல்லை, இரத்தம் நுரையீரலுக்குச் சென்று காற்றோடு கலந்தே இடப்பக்கம் வருகிறது என்று எழுதினார்கள். நுரையீரலின் நாளங்களுக்கிடையே நுண்ணிய வழிகள் இருக்க வேண்டும் என்றும் கருதினார்கள். அவர்கள் மருத்துவர் மட்டுமல்லர். ஷாஃபிஈ ஃபிக்ஹ் கற்பித்த ஆலிமும் ஆவார்கள்.

1628இல் ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வி, இரத்தம் உடல் முழுவதும் சுற்றி வருவதை நிறுவினார். தமனியிலிருந்து சிரைக்கு அது எவ்வழியே கடக்கிறது என்பதை அவராலும் காண இயலவில்லை. 1661இல் இத்தாலியரான மால்பீகி, தவளையின் நுரையீரலில் அந்த நுண்குழாய்களை நுண்ணோக்கியால் கண்டார். இதயத்தின் இடப்பக்கத்தில்தான் உயிராவி உருவாகிறது என்ற இப்னுந் நஃபீஸின் கருத்தோ பின்னாளில் கைவிடப்பட்டது. அதனால் அவர்களின் சிறப்பு குன்றிவிடவில்லை.

இங்கே நிகழ்ந்தது வெறும் மாற்றமா? சோதனைக்கு நிற்காதது நீங்கியது, நின்றது நிலைத்தது, அதன்மேல் அடுத்தவர் கட்டினார். காலனின் துளைகளுக்கு எவரும் திரும்பிச் செல்லவில்லை. தன் பிழையைத் தானே தேடித் திருத்தும் அறிவைக் குறை கூறுவோர், பிழையைத் திருத்தவே திருத்தாத அறிவையா விரும்புகிறார்கள்?

இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களுக்கு இராக்கில் கூறிய பழைய கருத்துகளும் உண்டு. எகிப்தில் கூறிய புதிய கருத்துகளும் உண்டு. அதைக் காட்டி ஃபிக்ஹை நம்ப இயலாது என்று நாம் சொல்வதில்லையே! வஹீ மாறாதது, மனிதனின் ஆய்வு மாறக்கூடியது. மதீனாவில் பேரீச்சை மரங்களின் மகரந்தச் சேர்க்கை பற்றிய நிகழ்வில், இத்தகைய உலகக் காரியங்களை மக்களின் அனுபவ அறிவுக்கே நபி (ஸல்) அவர்கள் விட்டுவிட்டார்கள் என்பதை ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம்.

எல்லா ஆய்வும் ஒரே தரமுடையது என்றும் நாம் சொல்லவில்லை. ஒருவர் அறிவிக்கும் செய்திக்கும் முதவாதிரான செய்திக்கும் வேறுபாடு காணக் கற்றவர்கள் நாம். நாளிதழில் வரும் ஒற்றை ஆய்வு வேறு. பல நாடுகளில் பலர் தனித்தனியே சோதித்து உறுதி செய்தது வேறு. இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதை விட்டுவிட்டு, அனைத்தையும் ஒரே மூச்சில் தள்ளிவிடுவது சோம்பலே அன்றிப் பேணுதல் அல்ல.

வியப்பு என்னவெனில், அறிவியலை நம்பாதீர் என்று கூறும் அதே நாவுதான், ஒரு கண்டுபிடிப்பு வெளியானதும் "இது 1400 ஆண்டுகளுக்கு முன்பே குர்ஆனில் உள்ளது" என்று முழங்குகிறது. நம்பத் தகாததாயின், அல்லாஹ்வின் வேதத்திற்கு அதனிடம் ஏன் சான்றிதழ் கேட்கிறீர்கள்? இப்னுந் நஃபீஸ் (ரஹ்) அவர்கள் குர்ஆனை அறிந்தவர்கள். ஆயினும் இரத்தத்தின் வழியை உடற்கூற்றை ஆராய்ந்தே கண்டார்கள். குர்ஆன் நேர்வழி காட்ட வந்த வேதம். உடற்கூற்றுப் பாடநூல் அல்ல.

இதில் பந்தயப் பொருளாவது நம் பிள்ளைகளின் ஈமான். ஒரு வசனத்தை இன்றைய கோட்பாடு ஒன்றில் கட்டித் தொங்கவிட்டுப் பிள்ளைக்குக் காட்டுகிறோம். நாளை கல்லூரியில் அக்கோட்பாடு திருத்தப்பட்டதை அறியும்போது, அப்பிள்ளை எதைச் சந்தேகிக்கும்? அறிவியலையா, வேதத்தையா? அந்த முடிச்சைப் போட்டது நாம்தானே!

பெற்றோரே, அறிவியலைக் கற்கும் பிள்ளையிடம் அது ஈமானுக்குப் பகை என்று சொல்லாதீர்கள். ஈமானுக்கு அது தூண் என்றும் சொல்லாதீர்கள். அல்லாஹ் படைத்ததை ஆராயும் மனித முயற்சி அது. அதில் பிழை வரும், திருத்தமும் வரும். வாழ்வின் நோக்கம் எது, ஹலால் எது, ஹராம் எது என்பதை அதனிடம் கேட்க வேண்டாம். இரத்தம் எவ்வழி ஓடுகிறது என்பதை அதனிடமே கேளுங்கள்.

பயனுள்ள கல்வியை அல்லாஹ் நமக்கும் நம் சந்ததிக்கும் அதிகமாக்குவானாக. ஆமீன்.