உத்தரவாதம் யாருக்கு?

2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடே இருளில் மூழ்கியபோது, 900 மெகாவாட் கொள்ளளவுள்ள நுரைச்சோலை அனல் மின்நிலையத்தின் மூன்று அலகுகளும் நின்றுபோயின. அடுத்த நாட்களில் மின்வெட்டு அமுலானது. 2022இலோ ஒரே நாளில் 13 மணிநேர வெட்டையும் கண்டோம்.

எஸ்.எஸ்.டி. தன் முகவரி அட்டவணையை எழுதும் கணத்தில் மின்சாரம் அறுந்தால் அது சிதையக்கூடும். கோப்புகள் திறக்கத் தாமதம், எழுத மறுப்பு, ஈற்றில் பயாஸில் பெயரே காணாமற்போதல் ஆகியன அறிகுறிகள். உத்தரவாத அட்டையை நீட்டினால், "மின்சாரக் கோளாறு, நாம் பொறுப்பல்ல" என்று கைவிரிக்கும் விற்பனையாளர்கள் உளர்.

இது நியாயமன்று. மிகை மின்னழுத்தத்தால் கருகியதென்றால் அதை அவர்கள் நிரூபிக்கட்டும். வெறும் மின்வெட்டையே தாங்காதது பொருளின் குறைபாடு. 2011இல் மின்தடைக்குப்பின் தன் கொள்ளளவை 8 மெகாபைட் எனக் காட்டிய 320 வரிசைக்கு, இன்டெல் திருத்திய நிலைப்பொருளை வெளியிட்டது; பழியை மின்சாரத்தின்மீது போடவில்லை.

ஆகவே, ஸ்மார்ட் அறிக்கையைப் படமெடுத்து, பற்றுச்சீட்டுடன் எழுத்தில் கேளுங்கள். மறுப்பையும் எழுத்திலேயே பெறுங்கள். பிறகு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடுங்கள். ஆனால் பிரதியெடுக்க மறவாதீர்கள். உத்தரவாதம் கருவிக்கே, உங்கள் கோப்புகளுக்கு அன்று.