மலைப்பாதை யாருடையது?

மலையில் ஓடுவது நம் மாணவரிடையே புதிய விருப்பமாக வளர்ந்து வருகிறது. நல்ல விருப்பந்தான். ஜீவனஹள்ளியிலும் காக்ஸ் டவுனிலும் ஓர் அறையை மூவர் பங்கிட்டுக்கொண்டு தங்கிப் படிக்கும் நம்மவர்க்கு, ஓடுவதற்கு இடம் ஏது? சாலையில் இறங்கினால் வண்டிப் புகை. நடைபாதையில் ஏறினால் நிறுத்தி வைத்த வண்டிகள். எனவே ஞாயிற்றுக்கிழமைகளில் விடியுமுன் எழுந்து, வடக்கே நந்தி மலைக்கும் மேற்கே சாவனதுர்க்கத்துக்கும் புறப்பட்டு விடுகின்றனர். சென்னை செல்லும் இருப்புப்பாதையில் ஜோலார்பேட்டை வரை சென்று, ஏலகிரியில் ஏறி ஓடுவோரும் உண்டு. இன்னும் ஊக்கம் மிகுந்தவர்கள் ஜவ்வாது மலையையும் விட்டு வைப்பதில்லை.

அவர்களைக் குறை கூறுவதற்காக நான் எழுதவில்லை. நானும் அக்கூட்டத்தில் ஒருவன். மலையோட்டத்தின் இன்பத்தை அறிந்தவர்க்கு அதை விளக்க வேண்டியதில்லை. 1,478 மீட்டர் உயரமுள்ள நந்தி மலைப் பகுதியில்தான் பாலாறும் தென்பெண்ணையும் பிறக்கின்றன. வாணியம்பாடியில் வெறும் மணலாகக் கண்ட ஆற்றின் தாய்வீட்டில், பனித்துளி படிந்த புல்லை மிதித்து ஓடும்போது உள்ளம் என்னவோ செய்கிறது. சாவனதுர்க்கத்தின் கருங்கல் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையுடையது; அதன்மேல் நம் கால் படும் நேரமோ சில நிமிடங்கள். ஏலகிரிச் சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் பெயர்கள் உண்டு. அவற்றில் நம் புலவர் பெருமக்களின் பெயர்களைக் காண்கிறோம். கபிலரைக் கடந்து, ஔவையைக் கடந்து ஓடும் பேறு வேறு எந்த நாட்டு மாணவர்க்குக் கிடைக்கும்?

ஆயினும், நண்பர்களே, ஒரு கேள்வியை நாம் இதுவரை கேட்டுக்கொள்ளவில்லை. நாம் ஓடும் அந்தப் பாதை யாருடையது?

இக்கேள்வி என் நெஞ்சில் எழுந்த இடத்தைச் சொல்கிறேன். தமிழ்நாட்டு மலை ஒன்றில் நடந்த ஓட்டப் போட்டி அது. ஊரும் பேரும் வேண்டாம். குறுகலான ஒற்றையடிப் பாதை. எதிரே ஒரு மூதாட்டி தலையில் புற்கட்டுடன் இறங்கி வந்தார். வழிகாட்டி நின்ற இளைஞர், "பாட்டி, ஒதுங்குங்க, ஓட்டக்காரங்க வர்றாங்க" என்று குரல் கொடுத்தார். மூதாட்டியும் சரிவான பாறை ஓரத்தில், கட்டைக் கீழே இறக்கவும் இடமின்றி, ஒரு கையால் செடியைப் பற்றிக்கொண்டு நின்றார். நெஞ்சில் எண் குத்திய நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் ஒருவர் பின் ஒருவராகக் கடந்தோம். "மாடு பசியோட கட்டிக் கெடக்குது சாமி, சீக்கிரம் போங்க" என்று மட்டும் அவர் சொன்னார். அவர் குரலில் சினம் இல்லை. அதுதான் என்னை அதிகம் வருத்தியது.

அறிவியல் பயில்வோர் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் 100 மீட்டர் உயரம் ஏறுவதற்குப் புவியீர்ப்பை எதிர்த்து ஏறத்தாழ 59,000 ஜூல் வேலை செய்கிறார். நம் தசைகள் செலவிடும் ஆற்றலில் கால் பங்கு அளவே இவ்வாறு பயன்படுவதால், உடல் அதைப்போல் நான்கு மடங்கு செலவிட வேண்டும். அதே எடையுள்ளவர் 20 கிலோ சுமையைத் தலையில் ஏற்றிக்கொண்டால் வேலை ஏறத்தாழ 78,000 ஜூலாக உயர்ந்துவிடுகிறது. நாம் ஆண்டில் ஓரிரு நாள் செய்து பதக்கம் பெறும் செயலை, அதனினும் கடினமான முறையில், நாள்தோறும் செய்பவர் மலைவாழ் பெண்கள். அவர்களுக்குப் பதக்கம் தருவார் இல்லை. வழியையாவது விடலாம் அன்றோ?

அப்பாதைகள் தாமாகத் தோன்றியவை அல்ல. ஆடு ஓட்டியவர், விறகு சுமந்தவர், சந்தைக்கு நடந்தவர், பிள்ளைப்பேற்றுக்குப் பெண்ணைத் தூளியில் தூக்கிச் சென்றவர் - இவர்களின் காலடிகள் தலைமுறை தலைமுறையாக வகுத்தவை. எங்கே ஊற்று உண்டு, எந்தப் பாறை மழையில் வழுக்கும், எந்த மேகம் வெறும் மேகம், எது இடி கொண்டு வரும் என்பனவெல்லாம் அவர்கள் அறிவில் உள்ளன. ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருப்பதும், அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி வைணு பாப்பு பெயரைத் தாங்கி நிற்பதும் நம் மாணவர் பலர்க்குத் தெரியும். அம்மலையிலேயே வாழ்ந்து தமிழ் பேசும் மலையாளிப் பழங்குடியினரைப் பற்றி நம்மில் எத்தனை பேர்க்குத் தெரியும்?

அந்த மலையறிவின் மதிப்பை உலகம் விலை கொடுத்தே கற்றிருக்கிறது. 2021 மே 22 அன்று சீனத்தின் கான்சு மாநிலத்தில் 100 கிலோமீட்டர் மலையோட்டம் ஒன்று நடந்தது. 172 பேர் ஓடினர். திடீரென்று கடுங்காற்றும் ஆலங்கட்டி மழையும் குளிரும் தாக்கின. காற்றுத் தடுப்புச் சட்டை கட்டாயம் என்ற விதியும் அங்கு இல்லை. 21 பேர் மாண்டனர். அந்நாளில் ஆறு பேரைக் குகைக்குள் சேர்த்துத் தீ மூட்டிக் காத்தவர் ஓர் ஆட்டிடையர். விலையுயர்ந்த கடிகாரமும் செயற்கைக்கோள் கருவியும் செய்ய இயலாததை, குகை இருக்குமிடம் தெரிந்த ஒரு மனிதர் செய்தார்.

நம் நாட்டிலும் அத்தகைய துயரம் நேர்ந்தது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கி, மலையேறச் சென்றவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அனுமதி பெற்ற வழியை விட்டு வேறு வழியில் அவர்கள் சென்றதாக வனத்துறை கூறியது. குற்றம் யாருடையது என்று தீர்ப்புக் கூற நான் வரவில்லை. கோடைத் தொடக்கத்தில் புல் காய்ந்து கிடக்கும் சரிவு எத்தகையது என்பதை மலையில் வாழ்பவர் அறிவர். நகரத்திலிருந்து செல்லும் நாம் அறியோம். இதை மறுக்க முடியுமா?

"மலை எல்லார்க்கும் பொது. ஓடுவதற்கும் ஒரு சட்டமா?" என்று சில நண்பர்கள் கேட்கின்றனர். பொதுதான். ஊர்க்கிணறும் பொதுதான், அதனால் அதில் அழுக்குத் துணியைத் துவைக்கலாமா? பொதுவானதைத் தன்னுடையதைப் போல் காப்பவனுக்கே அதில் உரிமை உண்டு. காக்கத் தவறினால் என்ன ஆகும் என்பதையும் கண்டோம். 2024 சனவரியில் குமார பர்வதத்தில் பெருங்கூட்டம் திரண்டதை அடுத்து, இணையவழி முன்பதிவு இல்லாத பாதைகளில் மலையேற்றத்தைக் கருநாடக அரசு நிறுத்தி வைத்தது. கூட்டமும் குப்பையும் நம்முடையவை. வாரக் கடைசியில் தேநீரும் இட்டலியும் விற்றுப் பிழைத்த அடிவாரத்து ஏழைக்கு அன்று வருவாய் உண்டா?

மூடுவது மட்டுமே மருந்து என்றும் நான் கருதவில்லை. குரங்கணிக்குப் பின் தமிழ்நாடு மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் 40 வழித்தடங்களைத் தேர்ந்து திறந்துவிட்டது. அவற்றில் வழிகாட்டிகளாக உள்ளூர் இளைஞரும் பழங்குடி இளைஞரும் பயிற்சி பெற்றுள்ளனர். இதுவே சரியான திசை. மலையை அறிந்தவர் முன்னே நடக்க, மலையை விரும்புவோர் பின்னே செல்லட்டும்.

நம் தமிழ்ச் சங்கம் என்றேனும் ஒரு மலையோட்டம் நடத்த எண்ணினால், நான் நான்கு வேண்டுகோள் வைப்பேன். முதலாவது, வனத்துறையின் அனுமதியோடு அவ்வூர்ப் பெரியவர்களின் சம்மதத்தையும் கேட்டுப் பெற வேண்டும். அவர்கள் சொல்லும் நாளில்தான் ஓட்டம். இரண்டாவது, வழிகாட்டுவோரும் உணவளிப்போரும் அவ்வூராராகவே இருந்து, உரிய கூலி பெற வேண்டும். மூன்றாவது, கொண்டு சென்ற நெகிழிப்பை ஒன்றுகூட மலையில் தங்கலாகாது. நான்காவது, சுமையோடு எதிரே வருபவர்க்கு ஓடுகிறவரே ஒதுங்கி நிற்க வேண்டும். அதனால் இழக்கும் வினாடிகளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

இன்னும் ஒன்று. மலைச் சிற்றூர் இளைஞர்களைக் கட்டணமின்றி நம்மோடு ஓட அழைப்போம். மெக்சிகோ நாட்டின் ராராமுரிப் பழங்குடிப் பெண் லொரேனா ராமிரெஸ், 2017இல் 50 கிலோமீட்டர் மலையோட்டத்தில் பாவாடையும் டயர் செருப்புமாக ஓடிப் பெண்களில் முதலிடம் பெற்றார். ஜவ்வாது மலையில் அப்படி ஒருத்தி இல்லை என்று யார் சொல்ல முடியும்? அவள் இன்று தண்ணீர்க் குடம் சுமந்துகொண்டு நமக்கு வழிவிட்டு நிற்கலாம்.

வேற்றூரிலிருந்து வந்து பெங்களூரில் வாழும் நமக்கு, வந்த இடத்தின் வழக்கம் அறிந்து நடக்கும் பண்பு புதியதன்று. வீட்டுக்காரரிடமும் கடைக்காரரிடமும் நாலு வார்த்தை கன்னடம் பேசக் கற்றுக்கொண்டவர்கள் நாம். அப்பண்பை மலைக்கும் எடுத்துச் செல்வோம். நந்தியின் அடிவாரத்தில் கன்னடத்திலும் ஏலகிரியில் தமிழிலும் வணக்கம் சொல்லி, வழி கேட்டு, அதன்பின் ஓடுவோம். மலைக்கென்று ஒரு திணையை வகுத்து, அங்கு வாழும் மக்களையும் அதனுள் வைத்துப் பாடிய மொழிக்கு உரியவர்கள் நாம். மக்களை மறந்து மலையை மட்டும் இரசிப்பது நமக்கு அழகாகுமா? சிந்தியுங்கள், தோழர்களே!