கோனான் காப்பின்னு சிரிக்கிறவங்களுக்கு

"மட்டமான படம்தான், ஆனா அதனாலேயே செம ஜாலி" - இந்த டயலாக்கை விடறவங்க மேல எனக்கு ரொம்ப நாளா கடுப்பு. 1980கள்ல இத்தாலிக்காரங்க கம்மி காசுல எடுத்த வாள்-மந்திரப் படங்களைப் பத்திப் பேச்செடுத்தாலே இந்த ஒரு வரியோட மேட்டர் முடிஞ்சுடுது. அப்புறம் ஒரு கெக்கபிக்கே சிரிப்பு.

காப்பியா? ஆமாங்க, காப்பிதான். 1982ல ஜான் மிலியஸ் ஏறத்தாழ 2 கோடி டாலர் செலவுல அர்னால்டை வெச்சு 'கோனான் தி பார்பேரியன்' எடுத்தார். அதே வருஷமே ஜோ டமாட்டோ (நிஜப் பேரு அரிஸ்திடே மஸ்ஸச்சேஸி, டைட்டில்ல போட்டுக்கிட்டது டேவிட் ஹில்ஸ்!) மைல்ஸ் ஓ'கீஃப் கையில ஒரு வாளையும் கூடவே ஒரு கரடிக்குட்டியையும் கொடுத்து 'ஏட்டர்' படத்தை இறக்கிட்டார். ஆனா கட்டுமஸ்தான ஆளை வெச்சுக் கல்லா கட்டறதை இவங்க ஹாலிவுட்கிட்ட கத்துக்கல. 1958லயே ஸ்டீவ் ரீவ்ஸை ஹெர்குலிஸ் ஆக்கினவங்க. அதுக்கு கேமரா புடிச்ச மரியோ பாவா 1961ல தானே ஒரு ஹெர்குலிஸ் படம் எடுத்தார். காசு கெடையாது. கலர் விளக்கையும் புகையையும் வெச்சே பாதாள லோகத்தைக் காட்டினார்.

அந்த வம்சத்துல வந்ததுதான் லூசியோ ஃபுல்ச்சியோட 'கான்க்வெஸ்ட்' (1983). "ஒரே புகைமூட்டம், ஒண்ணும் தெரியல"ன்னு நக்கலடிப்பாங்க. ஏன் சாமி, முகம் தெரியாத தேசத்துல தனியா மாட்டிக்கிட்டவனுக்கு எல்லாம் பளிச்சுனா தெரியும்? (கதையைச் சொல்லப் போறேன், பார்க்காதவங்க அடுத்த பத்தியைத் தாண்டிடுங்க.)

மந்திர வில்லோட வர்ற சின்னப் பையன்தான் ஹீரோன்னு நெனச்சுட்டே இருப்போம். பாதி வழி தாண்டினதும் அவன் தலையை வெட்டிடறாங்க. எந்த மனுஷனையும் நம்பாம மிருகங்களோட திரிஞ்ச முரட்டு ஆள் அவனை எரிச்சு, அந்தச் சாம்பலை உடம்புல பூசிக்கிட்டு வில்லைக் கையில எடுக்கறான். கோடிக்கணக்குல பணம் போட்டவன் இப்படி ஹீரோவைக் கொல்ல விடுவானா?

மத்ததுலயும் இந்தத் துணிச்சல் இருக்கு. அந்தோனியோ மார்கெரிட்டியோட 'யோர்'ல (1983) காட்டு மனுஷன் ராட்சத வௌவாலை வீழ்த்தி, அதோட பொணத்தையே கிளைடராப் புடிச்சுக்கிட்டு குகைக்குள்ள பறக்கறான். லூயிஜி கொட்ஸியோட ஹெர்குலிஸ் கரடியைத் தூக்கி விண்வெளியில வீசறான், அது நட்சத்திரக் கூட்டமா ஆயிடுது. புராணம்னா வேற என்னங்க?

அதுக்காக எல்லாத்தையும் தலையில தூக்கி வெச்சு ஆடலை. முதல் 'ஏட்டர்' படு அறுவை. கடைசியில வர்ற ராட்சத சிலந்தி அசையறதுக்கே யோசிக்குது. பொண்ணுங்க கதாபாத்திரமும் பல படத்துல சுத்த வேஸ்ட். நான் சொல்றது இதைத்தான்: 'ஏட்டர்' மொக்கை, 'கான்க்வெஸ்ட்' நல்ல படம். இந்த வித்தியாசம் "மட்டம்தான், ஜாலி" கோஷ்டிக்குத் தெரியவே தெரியாது. 'ஏட்டர்' ரெண்டாம் பாகத்தை 1991ல 'மிஸ்டரி சயன்ஸ் தியேட்டர் 3000' டிவி ஷோ கலாய்ச்சுது. ஹேங் கிளைடர்ல பறந்து கோட்டை மேல குண்டு போடற சீன், சிரிப்பு வராம இருக்காது. அவங்களாச்சும் அதைத் தொழிலா, உழைச்சு செஞ்சாங்க. இங்க ரெண்டு நிமிஷ கிளிப் பார்த்துட்டு மொத்தத்தையும் ஒரே குப்பைத்தொட்டியில கொட்டறாங்களே, அதுல ஃபுல்ச்சியும் சேர்ந்து போறார்.

டிஸ்கி: 'கான்க்வெஸ்ட்'டை ராத்திரி லைட்டை அணைச்சுட்டுப் பாருங்க. பட்டப்பகல்ல ஜன்னலைத் திறந்து வெச்சுப் பார்த்துட்டு என்னைத் திட்டக்கூடாது :-)