கல்லை எடுத்தால் மட்டும் போதுமா?

மாத்தளையிலோ தம்புள்ளையிலோ பொமரேனியனும் ஷிட்சுவும் வளரும் வீட்டில், நாய் சிறுநீர் கழிக்க முக்குகிறது என்று தெரிந்ததும் முதலில் ஞாபகத்துக்கு வருவது வாழைத்தண்டுச் சாறு. உள்ளே கிடப்பது எந்தக் கல் என்ற கேள்வி பிறகுதான் எழும், எழுந்தால்.

அந்தக் கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. ஸ்ட்ரூவைட் கல் நாய்களுக்குப் பெரும்பாலும் கிருமித் தொற்றோடு வருவது. தகுந்த உணவும் அன்டிபயோட்டிக்கும் கொடுத்தால் சில வாரங்களில் கரையும். கல்சியம் ஒக்சலேட் எதற்கும் கரையாது. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகம் 1981 முதல் இப்படியான கற்களைப் பரிசோதித்து வருகிறது. ஆரம்ப ஆண்டுகளில் ஸ்ட்ரூவைட்டே மிகுதியாக இருந்தது, பின்னர் ஒக்சலேட் பெருகிவிட்டது. பக்கத்து வீட்டு நாய்க்குக் கரைந்ததென்பதால் நம் வீட்டு நாய்க்கும் கரையும் என்று நம்பியிருக்க முடியாது.

வில்லங்கமானது மூன்றாவது வகை, யூரேட். சில சின்ன இன நாய்களுக்குப் பிறவியிலேயே ஓர் இரத்தக்குழாய் குறுக்கே ஓடும். குடலிலிருந்து வரும் இரத்தம் ஈரலுக்குள் போகாமல் அதன் வழியே நழுவிவிடும். ஈரல் மாற்றியிருக்க வேண்டிய அமோனியாவும் யூரிக் அமிலமும் சிறுநீரில் இறங்கிக் கல்லாகின்றன. வளராத உடம்பு, சாப்பிட்டபின் தள்ளாட்டம், சுவரில் தலையை முட்டிக்கொண்டு நிற்றல் ஆகியவை இதன் அடையாளங்கள். டல்மேஷனுக்கோ ஈரல் நலமாக இருந்தாலும் பரம்பரைக் குறையால் இதே கல் வரும். இப்படிப்பட்ட நாய்க்கு, இரத்தம் ஊறட்டும் என்று கோழி ஈரலை அவித்துச் சோற்றில் பிசைந்து வைக்கிறோம். யூரிக் அமிலத்தைக் கூட்டுவதில் அதற்கு ஈடான உணவு குறைவு. பாசத்தில் செய்வதுதான், என்ன செய்ய!

யூரேட் கல் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது, ஸ்கேன் வேண்டும். சாப்பாட்டுக்கு முன்பும் இரண்டு மணித்தியாலம் கழித்தும் இரத்தம் எடுத்துப் பித்த அமிலத்தை அளந்தால் ஈரலின் குறை பிடிபடும். ஈரலைப் பார்க்காமல் கல்லை மட்டும் வெட்டி எடுத்தால் அது திரும்ப வரலாம். எடுத்த கல்லையும் போத்தலில் போட்டு அலுமாரியில் வைக்காமல் ஆய்வுக்கு அனுப்பவேண்டும்.

ஆண் நாய்க்குச் சிறுநீர் அடியோடு நின்றுவிட்டால் யோசிக்க நேரமில்லை. அன்றைக்கே வைத்தியரிடம் போகவேண்டும்.

எங்கே போவது? பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியப் போதனா வைத்தியசாலை மாத்தளை நகரிலிருந்து சுமார் 30 கிலோமீற்றர். தம்புள்ளைக்காரருக்கு 75ஐத் தாண்டும். அரச மிருக வைத்திய அலுவலகங்களின் முதல் கவனம் மாட்டிலும் ஆட்டிலும் கோழியிலும்தான். பால் கறந்து பிழைப்பவரை நினைத்தால் அதைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் மாத்தளையிலும் தம்புள்ளையிலும் வாரத்தில் ஒரு நாள் சின்னப் பிராணிகளுக்கு ஸ்கேன் எடுக்க மாகாண நிருவாகம் ஏற்பாடு செய்யலாம். கட்டணம் வாங்கட்டும். பேராதனைக்குப் போய்வரும் வேன் கூலியைக் கணக்குப் பார்த்தவர்கள் அதைத் தயங்காமல் கட்டுவார்கள்.