விரல் நுனியில் அச்சகம்



ஓர் ஏடு நடத்த வேண்டுமாயின் அச்சுப்பொறி வேண்டும், தாள் வேண்டும், அரசினர் கேட்கும் ஜாமீன் தொகையைக் கட்டப் பணம் வேண்டும் என்றிருந்த காலம் ஒன்று உண்டு. எளியோன் கண்ட கொடுமை அவன் தெருவைத் தாண்டாது. ஆளவந்தார் விடுத்த அறிக்கையோ மறுநாட் காலை நாடெங்கும் படிக்கப்படும். இன்று உழவன் மடியிலும் கைப்பேசி இருக்கிறது. அதுவே படம் பிடிக்கிறது. அதுவே செய்தியை வீடுதோறும் கொண்டு சேர்க்கிறது. மக்களாட்சிக்கு இதனால் விளைவது வலிவா, நலிவா? இரண்டையும் நாடு கண்டுவிட்டது.

அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில், 2020 மே 25 அன்று, ஜார்ஜ் ஃபிளாய்டு எனும் கறுப்பினத்தவர் காவலர் ஒருவரின் முழங்காலுக்கடியில் மூச்சுத் திணறி மாண்டார். காவல்துறை முதலில் விடுத்த அறிக்கை யாது கூறிற்று? பிடிபட்டவருக்கு உடல்நலக் கேடு ஏற்பட்டது, மருத்துவமனையில் இறந்தார் என்றது. முழங்காலைப் பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை! ஆயின், அங்கு நின்ற 17 வயதுப் பெண்ணொருத்தி நடந்ததைக் கைப்பேசியில் பதிவு செய்து முகநூலில் வெளியிட்டாள். அறிக்கை பொய்த்தது, உலகம் கொதித்தது. 2021 ஏப்ரலில் அக்காவலர் கொலைக் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. அவ்வாண்டே புலிட்சர் பரிசுக் குழு அப்பெண்ணுக்குச் சிறப்புப் பாராட்டு வழங்கியது. இது வலிவு.

நலிவைக் காணக் கடல் கடக்க வேண்டியதில்லை. 2018 மே மாதம், சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலைத் தேடித் திருவண்ணாமலை மாவட்டத்துக்குச் சென்ற மூதாட்டி ஒருவர், குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்ததற்காகப் பிள்ளை பிடிப்பவர் என்று ஐயுறப்பட்டு அடித்துக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு ஜூலை 1 அன்று, மகாராஷ்டிர மாநிலம் துலே மாவட்டத்து ரைன்பாடா சிற்றூரில், இரந்துண்டு வாழும் நாடோடிகள் 5 பேர் அதே ஐயத்தால் உயிரிழந்தனர். வாட்ஸ்அப்பில் பறந்த வதந்திகள் மூட்டிய தீ அது! அந்நாளில் பரவிய படங்களுள் ஒன்று, மோட்டார் சைக்கிளில் வந்தோர் சிறுவனைத் தூக்கிச் செல்வதைக் காட்டியது. அது கராச்சியில் குழந்தைகளின் பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். சிறுவனைத் திரும்பக் கொண்டுவந்து விடும் இறுதிப் பகுதியை யாரோ வெட்டியெறிந்தனர். கண்டவரெல்லாம் அனுப்பினர், கேட்டவர் எவருமில்லை.

அப்பெண் நின்ற இடத்தில் நின்றாள், கண்டதைக் காட்டினாள். இவர்களோ காணாததை, வெட்டப்பட்டதை, விசாரியாமல் பரப்பினர். கருவி ஒன்றே, கையாண்ட விதமே வேறு.

இதற்குச் சட்டமே மருந்து என்பர் சிலர். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவு என்ன செய்தது? 2012இல் மும்பை முழு அடைப்பைக் குறித்து முகநூலில் கேள்வி எழுப்பிய இளம்பெண்ணையும், அதற்கு விருப்பம் தெரிவித்த தோழியையும் பிடித்தடைத்தது. 2015 மார்ச் 24 அன்று உச்சநீதிமன்றம் அப்பிரிவையே செல்லாததாக்கியது. ஆள்வோர் கையில் வாய்ப்பூட்டைக் கொடுத்தால், பொய்யனுக்கு முன்பாக வினாத் தொடுப்பவனுக்கே அது பூட்டப்படும். நிறுவனம் தீர்க்கட்டும் என்பாரும் உளர். ஒரு செய்தியை ஒரே வேளையில் 5 உரையாடல்களுக்கு மேல் முன்னனுப்ப இயலாதவாறு வாட்ஸ்அப் 2018இல் இந்தியாவில் வரம்பிட்டது. வேகம் தணியலாம், மெய் பொய் காணும் பொறுப்பு நம்மிடமே நிற்கிறது.

ஆதலின் தோழர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறோம். எதிர்க்கட்சியார் பரப்பும் பொய்யை மறுப்பது எளிது. நமக்கு நலம் பயக்கும் பொய்யை நிறுத்துவதுதான் அரிது. மாற்றார் பேச்சின் தலையும் வாலும் வெட்டிய துண்டொன்று உங்கள் கைக்கு வருகிறது. கண்டதும் உள்ளம் களிக்கிறது, விரல் துடிக்கிறது. அப்போது கேளுங்கள்: எடுத்தவர் யார்? எங்கே, எப்போது எடுக்கப்பட்டது? முழுமையும் இருக்கிறதா? விடை கிடைக்கவில்லையெனில், அனுப்பாதீர்கள்.

செயற்கை நுண்ணறிவு முகத்தையும் குரலையும் போலியாய்ப் படைக்கும் காலம் இது. நாளை நம் சிற்றூர் ஒன்றில் அநீதி நிகழும்; ஏழைச் சிறுமி ஒருத்தி அதைப் படம் பிடித்து நீதி கேட்பாள். “இதுவும் கட்சிக்காரர் கட்டிய கதை” என்று அதிகாரி கைவீசிவிட்டால், அவளுக்கு வேறு துணை ஏது? நாம் இன்று பரப்பும் ஒவ்வொரு பொய்யும் அவள் சாட்சியத்தைச் செல்லாக் காசாக்கும். அவள் சொல் அம்பலமேறும் நாளில் மக்கள் அதை நம்ப வேண்டும். அதற்காகவேனும், இன்று நம் விரல் சற்றே தாமதிக்கட்டும்!